சூடு ஆறாத குழாய்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நேரே என் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே வரலாம். அந்தக் குழாய் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்று மாலை 4:10. லாரி கவிழ்ந்து இடுப்பெலும்பு நொறுங்கிய டிரைவர் ஒருவர் ஆறு நாளாகத் தீவிர சிகிச்சையில் இருந்தார். காயத்தில் சீழ் பிடித்து, வெள்ளை அணுக்கள் இருபத்தெட்டாயிரம் வரை ஏறியிருந்தன. "இன்னிக்கு அது எறங்கினா பொழச்சுப்பாரு," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி என் வாசல் பெஞ்சில் பழியாய்க் கிடந்தார்.

ரத்த மாதிரி வாங்கும் ஜன்னலில் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். ஆள் இல்லை. தட்டில் டிரைவர் பெயர் எழுதிய, ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்...

எடுத்தேன். சூடாக இருந்தது. அவர் இருப்பது மூன்றாவது மாடி. கீழே வருவதற்குள் ஆறியிருக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ரிசல்ட்டையும் டாக்டரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு ஓட்டை வாய். வெளியே ஓடினேன்.

"அக்கா, எறங்கிடுச்சு. இனிமே பயமில்ல."

"தெரியும் தம்பி. இப்பதான் அவரே சொல்லிட்டுப் போனாரு."

"யாரு?"

"அவருதான். ரத்தம் குடுத்துட்டு வந்தேன்னாரு. நடந்தே போனாரு."

இடுப்பு நொறுங்கியவர்... நடந்தா?

4:31. வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார்.

"மூணு அம்பதுக்கே போயிட்டாரு. அவரு சம்சாரத்தத்தான் தேடிட்டிருக்கோம்."

"அப்ப ரத்தம் எடுத்தது யாரு?"

"இன்னிக்கு ரத்தமே எடுக்கலையே."

பிழைத்துவிட்டார் என்று சொன்ன அதே வாயால் அந்த அக்காவிடம் மறுபடி போய், இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பாவம் என்னை விடாது.

குழாயைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு நாளில் அணுக்கள் சிதைந்துவிடும். சிதையவில்லை. தினமும் 4:10-க்கு எண்ணுகிறேன்.

பத்தாயிரம்... ஒன்பதாயிரம்...

நேற்று ஏழாயிரம். நோய்நொடி இல்லாத மனிதனின் கணக்கு.

அவர் குணமாகிவிட்டார்.

குழாய் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.