லைசென்ஸைப் பிடித்த கை

ஜமுனாமரத்தூர், காலை ஒன்பது மணி. நியூசிலாந்தில் நான் பதிவு செய்திருக்கும் மோட்டார் ஹோம் கம்பெனி வீடியோ காலில் வருகிறது. படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வண்டியை வாடகைக்கு எடுக்க சர்வதேச பர்மிட் மட்டும் போதாதாம். அசல் லைசென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். இன்றைக்குள் காட்டாவிட்டால் பதிவு ரத்து.

அசல் லைசென்ஸோ காளியப்பன் அண்ணனின் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது. நேற்று அவரிடம் பைக் வாடகைக்கு எடுத்தபோது அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டார். பைக் இப்போது செயின் அறுந்து அருவிப் பக்கம் கிடக்கிறது.

“ரெண்டே நிமிஷம் குடுங்கண்ணா!”

“வண்டி வரட்டும் தம்பி. உன்ன மாதிரி எத்தினி பேர பாத்துட்டேன். கார்ட நான் புடிக்கிறேன், நீ மூஞ்சியக் காட்டு.”

என் காதோரமாக அவரே பிடிக்கிறார். படத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்கிறாள் திரையில் இருக்கும் பெண். அண்ணன் குனிந்துகொள்கிறார், கை மட்டும் மேலே நிற்கிறது. அது யாருடைய கை என்று கேட்கிறாள். இங்கே எனக்கு பைக் வாடகைக்குக் கொடுத்தவருடையது என்கிறேன். நெடுநேரம் எதையோ தட்டச்சு செய்துவிட்டுச் சரி என்கிறாள்.

“இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?”

“ஓகே ஆயிடுச்சுண்ணா! அங்க போய் இன்னொரு வாட்டி காட்டினா போதும், பாத்துட்டு கையிலயே குடுத்துடுவாங்க.”

“வூட்டையே வண்டியில வச்சுக் குடுத்துட்டு, கார்டையும் திருப்பிக் குடுத்துடுவானா?” அண்ணன் லைசென்ஸைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானையும் மாட்டுகிறார். “பொழைக்கத் தெரியாத பசங்க, தம்பி.”