இரண்டு ஓட்டு இருக்கவேண்டிய வீடு

நகரி ஸ்டேஷனில் திருப்பதி ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கோதண்டம் சார் போய்விட்டார், மாரடைப்பு. சரி என்று சொல்லி, ரயிலேறி, கல்லூரிக்குப் போய்ப் பாடமும் நடத்தினேன். மரத்துப்போனவளுக்கு வேறென்ன தெரியும்? இன்றுவரை அழுகை வரவில்லை.

சட்டக் கல்லூரியில் இருவரும் அரசியலமைப்புச் சட்டம் நடத்தினோம். தேர்தல் பாடத்தை மட்டும் எனக்கு விட்டுத்தர மாட்டார் மனிதர். அவரிடம் படித்த உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுத் தகுதிப்படி, வகுப்பில் நிலமும் வரியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எழ வேண்டும். விரல்விட்டு எண்ணிவிடலாம். புருஷன் சொத்தைக் காட்டித்தான் பல பெண்களுக்கு அன்று ஓட்டே கிடைத்தது என்பார். பிறகு, "முந்நூற்று இருபத்தாறாவது பிரிவு!" என்று கூவுவார். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு. வகுப்பே எழும். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் நான் பாடம் நடத்தினாற்போலத்தான்!

அப்படிப்பட்டவர் செய்ததைக் கேளுங்கள். அவர் மனைவி மல்லிகா அக்கா தமிழ்நாட்டுத் திருத்தணியிலிருந்து ஆந்திராவில் இருக்கும் விஜயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். எல்லைப்பக்கத்தில் பலரும் செய்வதுபோல, ஓட்டை மட்டும் அம்மா வீட்டிலேயே போட்டுவந்தார். குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு என்று சார் அங்கே பேரை எடுக்கவைத்தார். விஜயபுரத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்! ரேஷன் கார்டில் இருக்கிறதே, தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டாராம்.

போன தேர்தலில் அக்காவைச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். "ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றியே, ஊட்டுல ஒரு ஓட்ட காப்பாத்த முடியலயா?" என்று அங்கேயே கத்தினாராம். சாரும் ஓட்டுப் போடாமல் திரும்பிவிட்டார்.

"உங்க ஓட்டையாவது போட்டிருக்கலாமே சார், இது இன்னா வீம்பு?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அவள வெளிய நிக்க வெச்சிட்டு நான் மட்டும் உள்ள போறதா? அது பழைய சட்டம்மா" என்றார். பிறகு அக்காவுக்கு விண்ணப்பம் போட்டார். "அடுத்த வாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா போவோம்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியத்தன்று அங்கன்வாடி டீச்சர் வந்தார். வாக்காளர் பட்டியல் வேலையும் அவருக்குத்தான். அக்காவின் புது அட்டையைக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "சார் பேர எடுக்கணும்க்கா, ஒரு கையெழுத்து" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நான் உள்ள வந்தா அவர வெளிய அனுப்புறாங்க. இந்த ஊட்டுக்கு ஒரே ஓட்டுதான்னு உங்க சட்டத்துல எழுதிக்கீதா?"

என் பேனாவை எடுத்து நீட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டார்.

சார் விட்டுப்போனதில் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான்: தேர்தலன்று விஜயபுரம் போய், அக்காவைச் சாவடி வாசல்வரை கூட்டிப்போவேன். உள்ளே அவர் தனியாகத்தான் போகவேண்டும்.