தாய்மொழிக் கட்டம்

2024 ஜூலை 18, வியாழக்கிழமை, காலை பத்து ஐம்பது. தூறல். மைசூரில் என் பேத்தி பன்னிரண்டு ஆண்டுகள் படித்த பள்ளியின் அலுவலக ஜன்னலில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். குடை ஒன்றுதான். நனைந்தவை என் இடது தோளும் அவளுடைய வலது தோளும்.

பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அதுதான் நினைப்பு. பொதுப் பிரிவில் அவள் ரேங்குக்கு அது எட்டாது. ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அங்கே சில இடங்கள் உண்டு; அதில் எட்டும். முந்தைய நான்கு ஆண்டுப் பட்டியல்களை வைத்து மூன்று முறை சரிபார்த்திருந்தேன். பள்ளிப் பதிவேட்டில் தாய்மொழி தமிழ் என்று இருப்பதாக ஒரு சான்று வாங்கினால் போதும். சனிக்கிழமை பெங்களூரில் சான்றிதழ் சரிபார்ப்பு.

நாங்கள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள். நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். வேறு யார் நிரப்பினாலும் எனக்கு மனம் ஆறாது.

எழுத்தர் பழைய சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுக்கப் பதினேழு நிமிடம் ஆனது. அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தாய்மொழி: கன்னடம். நீல மசி. என் கையெழுத்து.

"இது நீங்க எழுதுனதா, அப்பாரு?" என்றாள் பேத்தி.

தலையசைத்தேன்.

"நம்ம ஊட்டுல யாரு கன்னடம் பேசறாங்க? அம்மா என்னைத் திட்டறதுகூடத் தமிழ்லதானே?"

காவிரிக்காகக் கடைகள் எரிந்த வருடம் எங்கள் தெருவில் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையை முதலில் கழற்றியவன் நான். அந்தப் பயம் போகவில்லை. பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் படிவம் வாங்கியபோது, கன்னடம் என்று எழுதினால் இந்தப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடும் என்று கணக்குப் போட்டேன். இடம் கிடைத்தது. என் சாமர்த்தியம் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

அதை எழுத்தரிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னார்:

"அந்தக் கட்டத்தை இங்கே யார் பார்த்தது, யஜமானரே? அந்த வருஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிள்ளைகளை எடுத்தோம்."

திருத்த முடியுமா என்று கேட்டேன். நீதிமன்ற உத்தரவு கொண்டுவரச் சொன்னார். இடையில் இருந்தது ஒரு நாள். மறுபடி கேட்டேன். ஐந்தாவது முறை கேட்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"பேட அப்பாரு, வேண்டாம். விடுங்க, போலாம்."

நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை நோட்டரியிடம் போய், எழுதியது என் பிழை, எங்கள் தாய்மொழி தமிழ்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். சனிக்கிழமை பெங்களூரில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றோம். அதிகாரி பத்திரத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான், அம்மா."

அவள் அவருக்கு நன்றி சொன்னாள். மைசூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டியா தாண்டியதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னாள்.

பொதுப் பிரிவில், நான் கணக்கிட்டபடியே, எட்டவில்லை. இப்போது இங்கேயே நர்சிங் படிக்கிறாள். காலை ஏழு இருபதுக்குக் கிளம்புகிறாள். அம்மாவிடம் தமிழில் சொல்லிக்கொள்கிறாள். என்னிடம் மட்டும் அன்றிலிருந்து கன்னடம்தான்.

முத்திரைத்தாளும் நோட்டரியும் ஐந்நூறு. முப்பத்திரண்டு நகல்கள் அறுபத்து நான்கு. பெண்களுக்குப் பேருந்து இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை. எனக்குப் போக வர இருநூற்று எழுபது. மொத்தம் எண்ணூற்று முப்பத்து நான்கு ரூபாய்.