பெருவிரல் பதிந்த பக்கம்

நூலகத்தில் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்பவருக்குப் பட்டப்பெயர் பெருவிரலார். தாளைப் பிடித்த விரலை எடுக்க மறந்து, தலைவர்கள் முகத்திலெல்லாம் அதைப் பதித்து வரலாறு படைத்த மகான். “இனி ஒரு விரல் தெரிஞ்சாலும் வேலை போயிடும்யா” என்று மேலாளர் எச்சரித்த பிறகுதான் அடங்கினார்.

அன்று வந்த பக்கத்தில், நூலகம் பெருக்கும் அக்கா இளவயதில் திருடி என்று பிடிபட்டு நின்ற படம். பழி பொய்யென்று பின்னால் தெரிந்தது; அதைப் போடத்தான் பத்திரிகைக்கு இடமில்லை.

“இது கம்ப்யூட்டர்ல வந்தா என் மருமக பாப்பாளே தம்பி?”

“நீ போய்ப் பெருக்குக்கா.”

மாலையில் மேலாளர் குதித்தார். “மறுபடியும் விரலா? தாள் சருகா உதிருது, இன்னொரு தடவை எடுக்கவும் முடியாது. நாளைலேருந்து வராதே!”

“பழக்கதோஷம் சார்” என்றார் பெருவிரலார். வாழ்நாளில் அவர் கவனமாக வைத்த ஒரே விரல் அதுதான்.