இருபத்தெட்டில் நின்ற அடுப்பு

போன மாதம், ஒரு மத்தியானம். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, பெனியனும் சாரமுமாக நான் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தேன். ஹாலின் மூன்று யன்னல்களும் அகலத் திறந்து கிடந்தன.

வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டு ஃபிராவ் பூஹர். எழுபது தாண்டிய சுவிஸ்காரப் பெண்மணி. ஆறு வருடமாக அயலவர். இத்தனை காலத்தில் எங்களோடு பேசியதெல்லாம் தெருவில் ஒரு வணக்கம், அவ்வளவுதான். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தை மாதத்தில் வீட்டையும் சூடாக்கி, யன்னலையும் திறந்து வைத்திருக்கிறீர்கள்" என்றார் ஜெர்மனில்.

இந்த நாட்டில் எத்தனையோ பாவங்களுக்கு மன்னிப்பு உண்டு. இதற்கு இல்லை.

விளக்கம் சொல்ல உள்ளே கூப்பிட்டேன். வந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் சாரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சவுனாக் குளியலா?"

"இல்லை... புது அடுப்பு."

கோட்டைக் கழற்றினார். அடுப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் முழங்காலுக்கு நல்லாயிருக்கிறது" என்றார். முக்கால் மணி நேரம் எழும்பவில்லை. அடுத்த நாள் மறுபடி வந்தார் — இந்த முறை சொந்தத் தலையணையோடும் வீட்டுச் செருப்போடும்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? முதலிலிருந்தே சொல்கிறேன்.

சுவிஸில், எம்மன்புரூக்கேக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழைய சிறிய வீடு. அதிலிருந்த எண்ணெய் ஹீட்டர் போன இலையுதிர்காலத்தில் உயிரை விட்டது. பதிலுக்கு ஒரு பெலட் அடுப்பு வாங்கினோம். பெலட் என்றால், மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள். மேலே கொட்டிவிட்டால், அடுப்பு தானே எடுத்துத் தானே பற்றவைத்துத் தானே எரியும். கறுப்பு நிறம். நெஞ்சளவு உயரம். முன்னால் கண்ணாடி, அதற்கு மேலே மினுங்கும் இலக்கங்கள்.

"இஞ்சருங்கோ, இது அடுப்போ ஆஸ்பத்திரி மெஷினோ?" என்றாள் என் மனைவி சுகி. "அடுப்பெண்டா மேல ஒரு சட்டி வைக்க இடம் வேண்டாமோ?"

நியாயமான கேள்வி. புது அடுப்புக்குப் பால் பொங்கவேண்டும்; இதன் தலையோ வழுக்கிக்கொண்டு வளைந்திருந்தது. கடைசியில் குசினி மின்னடுப்பில் பாலைப் பொங்கவைத்து, சட்டியோடு கொண்டுவந்து இதற்குக் காட்டினோம். அடுப்பு மறுப்புச் சொல்லவில்லை.

அடுப்பைப் பொருத்திப் பூட்ட வந்த இளைஞர் ஒரு மணி நேரம் சுவிஸ் ஜெர்மனில் விளக்கினார். நான் ஒரு மணி நேரம் "யா, யா" என்றேன். முடிவில், அடுப்புக்கு வைஃபை இருக்கிறது, போனில் ஆப் ஒன்று போடவேண்டும் என்றார். அன்று லீவில் வந்திருந்த சுகியின் அண்ணன் குணம் குறுக்கே வந்தார். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை அவருக்கு. மெஷின் என்றால் தனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம்.

"மச்சான், உனக்கு உது விளங்காது. விடு, நான் பார்க்கிறன்."

அவர் பார்த்தார். நானும் விட்டுவிட்டேன். அடுப்பிலேயே பிளஸ், மைனஸ் என்று இரண்டு பட்டன் இருக்கும்போது ஆப் எதற்கு?

பிறகு அடுப்பு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குக்கூட இவ்வளவு பேர் வந்திருக்கமாட்டார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி — இதுக்குள்ள என்ன போடுறது? பதில் சொல்லி அலுத்துப்போன சுகி, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பெலட்டை எடுத்து டீ மேசையில் வைத்தாள். அதுதான் தவறு. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தங்கராசா அண்ணை பேச்சுவாக்கில் இரண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டார். நாங்கள் பார்த்தபோது மென்றுகொண்டிருந்தார். பண்பான மனிதர்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி" என்றார். "பதம்தான் கொஞ்சம் வைரமாப் போச்சு."

தை பிறந்ததும் பிரச்சினையும் பிறந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பு இருபத்தெட்டுப் பாகையில் நிற்கும். நான் இருபதுக்குக் குறைப்பேன். குளித்துவிட்டு வந்தால் பதினேழு. சுகி போர்வையைப் போர்த்திக்கொண்டு என்னை முறைப்பாள்.

"நீரோ கூட்டினனீர்?" என்று நான் கேட்பேன்.

"நான் ஏன் கூட்டுறன்? நீங்கள்தான் கூட்டுறதும் குறைக்கிறதும்."

ஒரு நாள் அடுப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இருபது. தொடக் கூடாது.' அதற்குக் கீழே நான் எழுதினேன் — 'தொட்டது நான் இல்லை.' மாலையில் மூன்றாவது வரி வந்திருந்தது — 'அப்ப ஆர், பேயோ?'

சிரிப்பாகத்தான் இருந்தது, அவள் அதைச் சொல்லும்வரை.

"இருபத்தாறு வருசம் உங்களோட இருந்திட்டன். என்ர முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் இல்லையென்றால் அவள்தான். அவள் இல்லையென்றால் நான்தான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். மூன்றாவதாக யாரைச் சந்தேகப்படுவது? அவளும் பொய் சொல்கிறாள் என்றுதான் என் மனம் சொன்னது. அது எனக்கே பிடிக்கவில்லை. மூன்று நாள் பேச்சில்லை. சோறு மேசைக்கு வந்தது. சத்தம் வரவில்லை.

தங்கராசா அண்ணையிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "அக்கினி மூலையில வைக்கேல்லை. அதுதான். திருப்பி வையும்."

"புகைக்குழாய் சுவருக்குள்ளால போகுது, அண்ணை. திருப்பேலாது."

"அப்ப ஒரு தேசிக்காய் கட்டும்."

கட்டினேன். காலையில் கட்டிய தேசிக்காய் மத்தியானத்துக்குள் நன்றாக வெந்துவிட்டது. அன்று வந்த ஃபிராவ் பூஹர் அதை அவிழ்த்து, தன் தேநீருக்குள் பிழிந்துகொண்டார். தேன் இருக்கிறதா என்றும் கேட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் குணம் போன் எடுத்தார். சுகி ஸ்பீக்கரில் போட்டாள். என்னோடு பேசாத கோபத்தையெல்லாம் அண்ணனிடம் கொட்டினாள்.

"வீட்டில இருக்கேலாம இருக்கு, அண்ணா. ஒரே வேக்காடு."

"அப்பிடியோ?" என்றார் குணம்.

அடுப்பு 'பீப்' என்றது. இருபத்தெட்டு, இருபத்தொன்று ஆனது.

சுகி அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அறையின் மறுகோடியில், இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எண்டாலும்..." என்று மெல்ல இழுத்தாள். "கால்தான் கொஞ்சம் குளிருது, அண்ணா."

பீப். இருபத்துநாலு.

"பெரிசாக் குளிருதெண்டும் சொல்லேலாது..."

பீப். இருபத்திரண்டு.

"அண்ணா!"

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"...ஓம்" என்றார் குணம்.

ஆப்பை என் போனில் அல்ல, தன் போனில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனிதர்! ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"முதல் சும்மாதான் பார்த்தனான், மச்சான். பிரேக்கில வெளியில நிப்பன். என்ர மனிசி போனாப் பிறகு ரூமிலயும் ஆர் இருக்கினம் கதைக்க? இதைத் திறந்தா உங்கட ஹால் இருபது எண்டு காட்டும். சரி, ரெண்டு பேரும் வீட்டில இருக்கினம் எண்டு ஒரு ஆறுதல்."

"அதுக்கு ஏன் இருபத்தெட்டு?"

"பனிக்குள்ள நிக்கேக்க எனக்குக் கை விறைச்சுப் போகும். தங்கச்சிக்கும் குளிருமெண்டு கூட்டிவிடுவன். பிறகு குசினிக்குள்ள போனா வேர்த்துக் கொட்டும். ஐயோ பாவங்கள் எண்டு குறைச்சுவிடுவன்."

அவர் மனைவி இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. ஹோட்டல் ஊழியர் விடுதியில் ஓர் அறை. எங்களை அடிக்கடி கூப்பிட்டுக் கதைத்தால் தொந்தரவு என்று நினைத்திருக்கிறார். அடுப்பைத் தொட்டால் தொந்தரவில்லை என்றும் நினைத்திருக்கிறார். மனிதர்களின் கணக்கே தனி.

சுகி எழும்பிப் போய் அடுப்பில் இருந்த தாளைக் கிழித்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாளா? அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று இரவு கத்தரிக்காய்ப் பொரியல் என் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. நானும் மனதுக்குள் அவளைச் சந்தேகப்பட்டதைச் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

திங்கட்கிழமை குணம் நேரிலேயே வந்தார். குற்றவாளி மாதிரிப் போனை என்னிடம் நீட்டினார். ஆப்பில் அவர் பெயருக்கு எதிரே நீக்கும் பட்டனை அழுத்தினேன். உண்மையாகவே நீக்கவா என்று அது ஜெர்மனில் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் அடுப்புக்கு நேரே நீட்டிக்கொண்டு இருந்தார். சுகி குசினி வாசலில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இல்லை' என்று அழுத்திவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இருபதுக்குக் கீழே போகக்கூடாது. இருபத்துநாலுக்கு மேலே போகக்கூடாது. மனம் கேட்காவிட்டால் அடுப்பைத் தொடாமல் எங்களுக்குப் போன் எடுக்கவேண்டும். தினமும் எடுக்கிறார். ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்.

ஒரு வீட்டின் சூட்டை அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் தீர்மானிப்பார்கள் என்று நினைத்துத்தான் இந்த அடுப்பைச் செய்திருப்பார்கள். செய்தவருக்கு மச்சான் இல்லை போலும்.

எங்களுக்குப் பழகிவிட்டது — இன்டர்லாக்கனில் பனி கொட்டினால், எங்கள் ஹாலில் வெயில்.