எத்தனை கிலோமீட்டர் வரும்?

எங்கள் பக்கத்தில் புத்தியுள்ள எவனும் அந்தக் காரை வாங்கியிருக்கமாட்டான். முன்னாலிருந்து பார்த்தால் பந்தயத்துக்குக் கிளம்பியது போலத் தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும். பின்னால் போய்ப் பார்த்தால் கூரை நீண்டுகொண்டே போய், டிக்கி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன அறையே இருக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டிலிருந்து வந்த மேனேஜருக்காக அதை வாங்கியது. நான்தான் அவருக்கு டிரைவர். அவர் ஊர் திரும்பியதும் கம்பெனி வண்டியை விலைக்குச் சொன்னது. கேட்பார் யாரும் இல்லை, நான் கேட்டேன். கவரைப்பேட்டை ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்திய அன்று எல்லாரும் சேர்ந்து என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். "இன்னாண்ணா, ஆம்புலன்ஸ் வாங்கிக்கினு வந்துட்ட?" என்றான் கால் டாக்ஸி ஓட்டும் என் கூட்டாளி. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது என் மனைவிக்கு முதுகில் ஒரு வலியும் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து வலி வந்தது. அவள் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால் வந்த வலி என்றுதான் இருவரும் நினைத்தோம். தைலம் தேய்த்தே மூன்று மாதத்தைக் கெடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையவேண்டும் போல இருக்கும். எங்கேயோ ஆரம்பித்த கட்டி, நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முதுகெலும்புக்குப் போய்விட்டிருந்தது.

அவளால் உட்கார முடியாமல் போனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், பிறகு ஊசி மருந்து. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை போகவேண்டும். ரயில்வே ஸ்டேஷன் படி ஏற முடியாது. ஆம்புலன்ஸ் என்றால், "தெருவே வந்து எட்டிப் பாக்கும் மாமா, வாணாம்" என்று அழுதாள். என் வண்டியில் பின்சீட்டை மடக்கிப் போட்டால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கட்டில் மெத்தையை இறக்கி, அளவு பார்த்து உள்ளே விரித்தேன். அளவு சரியாக இருந்தது. ஊரே கிண்டல் செய்த நீளம் கடைசியில் இதற்குத்தான் ஆயிற்று.

ஆனால் அது வேகத்துக்குச் செய்த வண்டி. ஸ்பிரிங் கெட்டி, ரிம் பெரிசு, டயரின் பக்கச் சுவரோ மூன்று விரல் உயரம்கூட இராது. கண்ணாடி போன்ற ரோட்டில் வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போவதற்கான டயர். எங்கள் ரோட்டிலோ ராத்திரி பகல் பார்க்காமல் இரும்பு ஏற்றிய லாரியும் கன்டெய்னரும் போய்க்கொண்டே இருக்கும். தச்சூர் கூட்டுச்சாலை தாண்டினாலே ரோடு பள்ளமும், பள்ளத்தை மூடிய தார் ஒட்டுமாக இருக்கும். ஒவ்வொரு ஒட்டிலும் வண்டி 'டக்' என்று அடிக்கும், பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அவள் கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'ம்' என்னைக் கொன்றது.

டீக்கடையில் டிரைவர்களிடம் யோசனை கேட்டேன். டிரைவர்களிடம் யோசனைக்கா பஞ்சம்? கன்டெய்னர் ஓட்டும் ஒருவர், "காத்த கொஞ்சம் எறக்கி உடு, மெத்துமெத்துன்னு போவும்" என்றார். அவர் லாரிக்குச் சரியாக இருந்திருக்கும். நான் மறுநாள் காலையிலேயே நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கினேன். பஞ்செட்டி வரைக்கும் மெத்தென்றுதான் போனது. காரனோடை பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ரிம் நேராகத் தரையில் இடிக்க, டயரின் பக்கச் சுவர் கிழிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கத்தினாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே வைத்துக்கொண்டே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். இறக்கிக் கிடத்த நிழலும் இல்லை, பிடிக்க இன்னொரு ஆளும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஆடும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கோ, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். வாகனங்கள் அடித்துப் பறந்துகொண்டிருந்தன. ஒருத்தனும் நிறுத்தவில்லை. நட்டைக் கழற்றும்போது கண் மறைத்தது. வியர்வை என்று அவளிடம் சொன்னேன். "நான் இன்னா கேட்டனா?" என்றாள் உள்ளிருந்து.

அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டியில் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதித் தெலுங்கு பாதித் தமிழ். நாலு டயரையும் மாற்றவேண்டும் என்றேன், ஆள் படுத்துக்கொண்டு போகிற வண்டி என்றும் சொன்னேன். யார், என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வகையை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது சாஃப்டு நைனா. ரிம்ம ஒரு இன்ச்சு சின்னதா மாத்திக்கினா சைடு ஒசரமா வரும், குலுங்காது. ஆனா சீக்கிரம் தேஞ்சிடும், ஒண்ணு ஒண்ணரை வருஷம்தான். இது கெட்டி. இருக்கற ரிம்முக்கே போட்லாம். அஞ்சு வருஷம் ஆனாலும் அப்பிடியே இருக்கும். நீ சொல்லு, எத்தினி வருஷத்துக்கு வேணும்?"

எங்கள் டிரைவர்கள் டயர் வாங்கப் போனால் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: எத்தனை கிலோமீட்டர் வரும்? நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்போம். பதிந்தால் தேய்கிற ரப்பர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கெட்டியாக இருந்தால்தான் நல்ல டயர். அது எனக்கும் இருபது வருஷப் பழக்கம். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி காதில் விழுந்தது. எத்தனை வருஷத்துக்கு? டாக்டரிடம் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. அவர் வாயைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்தால் மாத்திரைச் சீட்டை நீட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே வந்து மாட்டிக்கொண்டேன்.

சாஃப்ட் டயரைக் கை காட்டினால் என்ன அர்த்தம்? ஒன்றரை வருஷம் போதும் என்று நானே என் வாயால் சொன்னதாகாதா? என்னால் முடியவில்லை. "அஞ்சு வருஷம் வரதைப் போடுங்க" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம் நைனா" என்றார். அந்த டயரை மாட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அஞ்சு வருஷத்தையே வாங்கிக்கொண்டு போகிறவன் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

"புது டயரு, அஞ்சு வருஷத்துக்கு அசையாது" என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் போகும்போது பின்னாலிருந்து 'ம்' வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. கெட்டி டயர்தான் சரி, என் கணக்குத்தான் சரி என்று எனக்கு ஒரே பெருமை. ஸ்டாண்டில் இரண்டு பேருக்கு அந்த டயரைச் சிபாரிசு வேறு செய்தேன்.

அப்போதும் அதே கம்பெனியில்தான் எனக்கு டிரைவர் வேலை. ஒரு வாரம் டூட்டி மாற்ற முடியவில்லை. கூட்டாளியை ஓட்டச் சொன்னேன். அவன் திரும்பி வந்து சாவியைக் கொடுத்தான், போகவில்லை. டீயும் வேண்டாம் என்றான்.

"இன்னாடா?"

"அண்ணி போறச்சொல்லயும் வரச்சொல்லயும் அழுதுக்கினே வந்துச்சுண்ணா."

"நான் ஓட்டறச்சொல்ல ஒண்ணும் சொல்றதில்லியே?"

"உன்கிட்ட சொல்லாது. சொல்லாதன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிச்சு. 'அவரு ஆசையா மாட்னாரு'ன்னு சொல்லுது." அவனுக்குக் குரல் ஏறியது. "ஸ்டீரிங்ல குந்திக்கினு டயர் பாத்தா இன்னா தெரியும் உனுக்கு? ஒரு தபா பின்னால படுத்துப் பாருண்ணா."

கோபம் வந்தது. என்னைவிடச் சின்னவன், எனக்கே டயர் சொல்லித்தருகிறானா என்று. ஆனாலும் பின்கதவைத் திறந்து மெத்தையில் ஏறிப் படுத்தேன். அவன் வண்டியை எடுத்தான்.

அத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன், அதற்குள் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தவனுக்குப் பள்ளம் முன்னாலேயே தெரிந்துவிடும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். படுத்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது. ஜன்னலில் லாரியின் மேல்பாதி தெரியும், வானம் தெரியும், ஓட்டுகிறவனின் பின்னந்தலை தெரியும், அவ்வளவுதான். எப்போது இடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே கிடக்கவேண்டும். முதல் ஒட்டில் முதுகில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரு நோயும் இல்லை, எனக்கே அப்படி. மூன்றாவது ஒட்டில் பிடித்துக்கொள்ள எதையாவது தேடிக் கையை நீட்டினேன். சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியில் விரல் பட்டது. சொரசொரவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நகக் கீறல்கள். ஒன்றிரண்டு இல்லை, அந்தப் பக்கம் முழுக்க.

"நிறுத்துடா" என்றேன். பஞ்செட்டி வரைகூடப் போகவில்லை. ரோட்டோரத்தில் இறங்கி உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் பக்கத்தில் நின்று வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேராக டயர் கடைக்கு விடச் சொன்னேன். கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார். புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர், அது பக்கத்தில் இன்னும் அப்படியே இருந்தது. "இன்னா பேஜாரு நைனா இது? அஞ்சு வருஷம் வர்ற டயர போயி கய்ட்ட சொல்றியே!" என்றார்.

"எனக்கு அஞ்சு வருஷம் வேணாம்" என்றேன். "ஊட்லேருந்து ஆஸ்பத்திரிக்குப் போனா போதும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கடையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் வேறு எதுவும் கேட்காமல் சின்ன ரிம்மைத் தேடி எடுத்து, சாஃப்ட் டயரை அவரே குனிந்து மாட்டினார். நான் பழக்கதோஷத்தில் நகத்தை வைத்து அழுத்தினேன். நன்றாகப் பதிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தச்சூர் தாண்டியது, பஞ்செட்டி தாண்டியது. ஒட்டுகள் வந்தன, வண்டி அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போனது. காரனோடை பாலத்தில் அவள் பேசினாள்.

"மாமா, டயர் மாத்திட்டியா?"

"ஆமா."

"அது அஞ்சு வருஷம் வரும்னியே. இது எத்தினி நாளு வரும்?"

கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, மடித்த முழங்கால் மட்டும் தெரிந்தது. பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. டிரைவர் பெண்டாட்டி அவள், சாஃப்ட் டயர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்."

நான் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு ஓட்டினேன்.

"போதும் மாமா" என்றாள். "இதுவே போதும். ஓட்டு."

சோழவரம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வண்டிக்குள் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. சுங்கச்சாவடியில் பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது இறங்கிப்போய் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் ஹாரனை நிறுத்திவிட்டான்.

அதன் பிறகு பதினான்கு தடவை போனோம். பதினைந்தாவது தடவைக்கு அவள் இல்லை.

போன வாரம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று டயர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்தார், நகத்தை வைத்து அழுத்தினார். அவள் விஷயம் அவருக்குத் தெரியாது.

"சாஃப்டுன்னு பயந்தியே நைனா" என்றார் சந்தோஷமாக. "பாரு, கால்வாசிகூட தேயல. இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்."

நான் அந்த டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "காத்து மட்டும் பாருங்க" என்றேன்.