பொன்னாடை போர்த்திய மாப்பிள்ளை

11.09.2016 – மண்டப வாடகை: 85,000
13.12.2024 – ஃப்ளெக்ஸ்: 2,400
14.12.2024 – மாலை, பொன்னாடை: 1,150

முதல் தொகை ஆனையூர் தமிழ்மாறன் கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுத்தது. மற்ற இரண்டும் அவர்கள் கொடுத்தவைதான்.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை என்றார் தரகர். கம்பெனி என்றால் சாஃப்ட்வேர்தான் என்று பெண்ணின் அப்பா சமயநல்லூர் ஆண்டிச்சாமி எடுத்துக்கொண்டார். தமிழ்மாறன் வேலை பார்த்தது பீர் காய்ச்சும் ஓர் ஆலையில். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியை வேகவைப்பதும், புளிக்கும் தொட்டியின் சூட்டைப் பார்ப்பதும் அவன் வேலை. அன்றைக்கு அவன் வாய் திறக்கவில்லை. அப்புறம் திறக்க நேரமே வரவில்லை. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவான். மாமனாரின் செல்போன் மக்கர் செய்தால் சரி செய்து கொடுப்பான். மனைவி சத்யப்ரியாவுக்கும் தெரியாது. எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு மதுரை பைபாஸ் ரோட்டு ஓட்டலில் ஒரு மாநாடு நடந்தது. சாஃப்ட்வேர்காரர்கள் ஆறு பேர் பேசுவார்கள், ஒவ்வொரு பேச்சுக்கும் பொருத்தமாக ஒரு பீர் ஊற்றுவார்கள் என்பது ஏற்பாடு. பீரைப் பற்றிச் சொல்லத் தமிழ்மாறனை அனுப்பியது ஆலை. மாநாட்டின் இணையப் பக்கத்தில் அவன் படமும் பேரும் வந்தன. மாநாட்டுக்கு முந்தின நாள் அதைப் பார்த்தவன் மச்சினன் சூரியபிரகாஷ். படத்துக்குக் கீழே இருந்த ஆலையின் பேரை அவன் படிக்கவில்லை. மறுநாள் காலையில் ஓட்டல் வாசலுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் நின்றது: ‘மாநாட்டில் உரையாற்றும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையை வாழ்த்தி வரவேற்கிறோம்’. கீழே பெண் வீட்டார் பதினோரு பேரின் முகங்கள்.

பதினோரு பேரும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது தமிழ்மாறன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் நுரையோடு ஒரு கிளாஸ். ஆண்டிச்சாமி மாலையும் கையுமாக நேரே வந்தார்.

“மாப்ள, நீங்க எப்பப் பேசுறீக?”

“பேசியாச்சு மாமா.”

“எதப் பத்தி?”

அவன் கிளாஸைப் பார்த்தான். “இதப் பத்தித்தான்.”

பேச்சு கேட்க வந்திருந்த இளைஞன் ஒருவன், “அண்ணே, அந்தக் கருப்பு பீர் நல்லாருக்கு, இன்னொண்ணு ஊத்துங்க” என்றான். தமிழ்மாறன் ஊற்றினான்.

“சரி, கொண்டாந்தது கொண்டாந்தாச்சு” என்று ஆண்டிச்சாமி ஏப்ரன் மேலேயே பொன்னாடையைப் போர்த்தினார். மாலையையும் போட்டார். பழக்கதோஷத்தில் சூரியபிரகாஷ் படம் எடுத்தான். பிறகு எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள்.

மாலையைக் கழற்ற வேண்டும் என்று தமிழ்மாறனுக்குத் தோன்றவே இல்லை. அதோடேயே கடைசிப் பேச்சு வரை ஊற்றினான். பேச்சுக்காரர்கள் அதுவும் ஏற்பாட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆனையூர் வீடு பூட்டிக் கிடந்தது. விஷயம் தெரிந்து சத்யப்ரியா பிள்ளையோடு சமயநல்லூர் போய்விட்டாள். தன் சாவியால் திறந்து, பாத்திரத்தில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு, பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தான். போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. இரண்டு கடிதம் எழுதினான், பெங்களூருக்கு வந்து எல்லாம் பார்க்கச் சொல்லி.

முதல் கடிதத்துக்கு மாமனார் பதில் போட்டார்: அவள் யோசிக்கட்டும். இரண்டாவதுக்கு அவளே எழுதினாள். பீர் காய்ச்சுவதில் தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றும், எட்டு வருஷம் அக்கம்பக்கத்தில் தன் வாயால் பொய் சொல்ல வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை என்றும், இனி வர வேண்டாம் என்றும் இருந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை.

அவள் கடிதம் வந்த தேதி 19.03.2025.